கட்டாமல் விட்ட மூன்று தவணைகள்

2024 ஜூன் 26, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவெல்லாம் சாரல் விழுந்திருந்ததால் காற்று ஈரமாக இருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நாள். கீழ்த்தொட்டி நிரம்பியதும் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றினேன். கணவர் நடந்துவிட்டு வந்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தார். எண்ணைச் சமையலறைவரை கேட்கும்படி சொன்னார். கூடுதலாக இருந்தால் முணுமுணுப்பார், ஆகவே அன்றைக்கு நல்ல எண். கம்பு தோசை, தக்காளிச் சட்னி. எட்டே காலுக்கு அவர் ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்குக் கிளம்பினார். நான் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் அலுவலகத்துக்கு நடந்தேன்.

வழக்கமான நாள்தான். ஆனால் இருவருமே கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தோம். நின்றுபோன அவருடைய ஆயுள் காப்பீட்டை மறுபடி உயிர்ப்பித்துத் தர நிறுவனம் சம்மதிக்குமா, மாட்டாதா என்ற பதில் அந்த வாரம் வர வேண்டியிருந்தது.

பதினான்கு வருடங்களுக்கு முன், பம்ப் உதிரி பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறையை அவர் தொடங்கியபோது எடுத்த பாலிசி அது. அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கும் மகளுக்கும் பெரிய தொகை வரும். ஒன்றும் ஆகாவிட்டால் கட்டியது கட்டியதுதான், திரும்பி வராது. அந்த வகை பாலிசிக்குத் தவணை கட்டாமல் விட்டால், கொடுத்திருக்கும் ஒரு மாதச் சலுகைக்குப் பிறகு பாதுகாப்பு நின்றுவிடும். எடுத்தபோது அவருக்கு வயது நாற்பது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. இப்போது ஐம்பத்து நான்கு, சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. புதிதாக ஒன்று எடுக்கப் போனால் அந்தத் தவணைக்குக் கிடைக்காது, கிடைக்காமலே போகவும் கூடும். அவர் இல்லாமல் என் சம்பளத்தில் வீடு நடக்கும், பட்டறை நடக்காது. அங்கே வேலை செய்யும் நான்கு பேருக்கும் இது தெரியும்.

வீட்டில் மின்கட்டணம், சொத்து வரி, எரிவாயு எல்லாம் என் கையில். எதுவும் தேதி தாண்டியதில்லை. இந்த ஒன்று மட்டும் என் கையில் இல்லை, ஏனென்றால் முகவர் உறவுக்காரர். கணவருக்குத் தாய்மாமன் மகன், வயதில் மூத்தவர், எனக்கு அண்ணன் முறை. மதுக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் கேட்டால் கணவர் செக் எழுதுவார், அடுத்த முறை ரசீது வரும். பாலிசி போட்டபோது, "உங்களுக்கெதுக்குங்க தொல்ல, மெசேஜெல்லாம் எனக்கே வரட்டும்" என்று தன் கைப்பேசி எண்ணையே எழுதிக் கொடுத்திருந்தார். அதை நாங்கள் பெரிய உதவியாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம், அதாவது விருந்தாக வந்த உறவுக்காரரிடம், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்பது கிடையாது. கேட்டால் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டது போலாகிவிடும். வந்தவர் தண்ணீர் குடித்து, காபி குடித்து, மழையையும் தேங்காய் விலையையும் பேசி முடித்து, செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்வார். சொல்லாமல் போனால், சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொள்வோம்.

அண்ணன் அப்படி மூன்று முறை வந்து போனார். மூன்று முறையும் நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அப்பாவின் பாலிசியைக் கைப்பேசியிலேயே பார்க்கும்படி செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தவள், சற்று நேரத்தில் தலையைத் தூக்கினாள். "ஏனுங்கப்பா, இது காலாவதின்னு காட்டுதுங்க."

"நல்லாப் பாரு கண்ணு. நம்பர மாத்திப் போட்டிருப்பே."

அவள் மாற்றிப் போடவில்லை. போன வருடம் ஜனவரி, ஜூலை, இந்த வருடம் ஜனவரி, மூன்று அரையாண்டுத் தவணைகள் கட்டப்படவே இல்லை. அந்த ஒன்றரை வருடமும் அவர் தினமும் அவிநாசி சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை அண்ணன் வந்தார். இந்த முறை நாங்கள் கூப்பிட்டதால் வந்தார். அவர் காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங் மச்சா, மூணு தவண கட்டுலியாமா?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியுமுங் மாப்ள."

"தெரியுமா! தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லத்தானுங்க மொதல்ல வந்தேன். மாமா போயிப் பதினஞ்சு நாளுகூட ஆவுல. வாசல்ல சாமியானாக் கம்பியே அவுக்குல. அந்த ஊட்டுல உக்காந்துக்கிட்டு, செக் எழுதுங்கன்னு எப்புடிக் கேக்கறதுங்க?"

மாமா என்றது என் மாமனாரை. போன வருடம் ஜனவரியில், மார்கழிக் கடைசியில் காலமானார்.

"செரி. அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் வந்தன்னிக்கு மாப்பிள்ள ஊட்டுக்காரங்க சோபா நெறைய உக்காந்திருக்கறாங்க. உங்க பொண்ணு காபித் தட்டோட வருது. அந்நேரத்துல வந்து, உங்களுக்கு எதாச்சும் ஆனா வார பணத்துக்குத் தவண கட்டோணும் மாப்ளன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அது உண்மை. துக்கம் விழுந்த வருடத்துக்குள் வீட்டில் ஒரு நல்லது நடக்கட்டும் என்று, ஆடி பிறப்பதற்கு முன் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு லட்டு சாப்பிட்டது எனக்கு நினைவு இருக்கிறது. அந்த இடமே அமைந்து கல்யாணமும் ஆனது.

"மூணாவது?" என்றேன் நான்.

"அது எம் பொண்ணு கல்யாணப் பத்திரிக்க வெக்க வந்தது அம்மணி. தாம்பாளத்துல தேங்கா பழம் வெச்சு, குடும்பத்தோட வந்தரோணும்னு கூப்புட்டுப்போட்டு, அதே வாயில பணத்தக் கட்டுங்கன்னா, மொய்ய இப்பவே வாங்கறான்னு நெனைக்க மாட்டீங்களா?"

"மாட்டோமுங்கண்ணா."

"நெனைப்பீங்க" என்றார் உறுதியாக.

கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எழவு ஊட்லயும் பேசக் கூடாது, கல்யாண ஊட்லயும் பேசக் கூடாதுன்னா, இன்சூரன்ஸ் ஏவாரத்த எந்த ஊட்லதானுங்க பண்றீங்க?"

"வெளியாளுங்ககிட்டப் பண்றேன். வெளியாளுன்னா போன்லயே ரெண்டு சத்தம் போட்டு வாங்கிருவேன். ஒறம்பரைக்கு மட்டும் பாலிசி போடவே கூடாதுங்க, இப்பத்தான் புத்தி வந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அது கெடக்குட்டும் அம்மணி. ஒன்றர வருசமா நானும் வாரேன் போறேன். தவண என்னாச்சுங்கண்ணான்னு நீங்களாவது கேட்டிருக்கலாமல்ல?"

கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ஒரு முறை நாங்கள் ஊரில் இல்லாதபோது தன் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு, வெகு நாள் கழித்துத்தான் சொன்னார். இந்த முறையும் அப்படித்தான் இருக்கும், சாவகாசமாகச் சொல்வார் என்று இருந்தோம். நாங்களாகக் கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டது போலாகும். இதை அவரிடம் சொன்னபோது, "நல்லாருக்குது போங்க, ரெண்டு பக்கமும் மரியாதையாவே இருந்து பாலிசியக் கொன்னுபோட்டோம்" என்று கணவர் சிரித்துவிட்டார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே மூவரும் காந்திபுரத்தில் இருக்கும் கிளை அலுவலகத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். உயிர்ப்பிக்கக் காலக்கெடு இன்னும் இருக்கிறது, விட்டுப்போன தவணைகளை வட்டியோடு கட்ட வேண்டும், ஆனால் பணம் மட்டும் போதாது. உடல்நிலையைப் பற்றிப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்லும் மருத்துவரிடம் பரிசோதனை, ரத்தம், இசிஜி. அதைப் பார்த்து மேலே உள்ளவர்கள் முடிவு செய்வார்கள். மாட்டோம் என்றும் சொல்லலாம்.

சர்க்கரை உண்டா என்ற கேள்விக்கு வந்ததும் அண்ணனின் கை பேனாவோடு நின்றது. கணவர் பேனாவை வாங்கி, உண்டு என்று தானே எழுதி, மாத்திரையின் பெயரையும் எழுதினார். கைப்பேசி எண் என்ற இடத்தில் நான் என் எண்ணை எழுதினேன். பரிசோதனை சனிக்கிழமை முடிந்தது. அதன் பிறகு காத்திருப்பு.

நல்ல விஷயம் ஒன்று உண்டு, அந்த நாட்களில் அவர் இனிப்பைத் தொடவில்லை. பரிசோதனை முடிந்த பிறகு தொடாமல் இருந்து என்ன பயன் என்று கேட்டேன். "ஒரு மனசுக்குத்தான்" என்றார்.

இருபத்தாறாம் தேதி மாலை ஐந்தரைக்கு அண்ணனின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கணவர் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என் கைப்பேசிக்கு இன்னும் செய்தி வரவில்லை, ஆனால் கிளையில் முகவருக்கு முன்பே தெரிந்துவிடும். பதில் வந்துவிட்டது என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பட்டது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மதுக்கரைப் பக்கம் நல்ல மழை என்றார். சிமென்ட் தூசு அடங்கி, துணி காயப்போட முடிகிறது என்றார். காபி கொடுத்தேன். அவருடைய மகளும் மருமகனும் ஆடிக்கு வரப்போவதைப் பற்றிப் பேசினார். கணவர் தேங்காய் விலையைக் கேட்டார். அண்ணன் சொன்னார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டைப் பையை அவர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்ததைக் கவனித்தேன்.

"செரிங்க மாப்ள, அப்ப வாரேன்" என்று எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை விட்டார். எதுவும் சொல்லவில்லை. நிராகரித்துவிட்டார்கள், சொல்ல வாய் வராமல் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, நில்லுங்க. இப்ப எதுக்கு வந்தீங்க?"

இருபத்தெட்டு வருட மணவாழ்க்கையில் வீட்டுக்கு வந்த எவரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. கணவர் திடுக்கிட்டு, "ஏய்..." என்றார்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "குடுக்கறேன்னுட்டாங்க அம்மணி. பாலிசி மறுபடி ஓடும்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதச் சொல்றதுக்கா மச்சா இத்தன நேரம் தேங்கா பேசுனீங்க?" என்றார் கணவர்.

"சக்கரைக்காகத் தவணைய ஏத்திப்போட்டாங்க. உங்க ஒடம்பச் சொல்லி, அதுக்குக் கூடப் பணம் கேக்கறாங்கன்னு உங்க மொகத்தப் பாத்துச் சொல்லோணுமே." சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். "அப்பறம் இது. விட்டுப்போன தவணைக்கு வட்டி. என்னால வந்தது, நான் கட்டறேன். இதக் குடுத்தா வாங்க மாட்டீங்க. சொல்லாமக் கட்டிப்போடலாம்னா, இனிச் சொல்லாமச் செய்யறதில்லன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்."

உறை மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு முறை நகர்ந்தது. கடைசியில் கணவர் அதை எடுத்து அண்ணனின் பையில் திணித்து, "தல ஆடிக்கு மாப்பிள்ளைக்கு இதுல துணி எடுங்க. எனக்கு நீங்க வட்டி கட்டுனீங்கன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, எனக்குப் பொண்ணு குடுத்தவங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?" என்றார். பொண்ணு கொடுத்தவர்களில் அண்ணனும் முறைக்குச் சேர்த்தி என்பதால் மூவரும் சிரித்தோம்.

ஒரே ஒரு சங்கடம். பணம் கட்டிய பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும், கவுன்ட்டர் மூடிவிட்டது, கைப்பேசி வழியாகக் கட்டப் பார்த்தால், கிளைக்கு வாருங்கள் என்றது. அண்ணன் போன பிறகு, மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கணவர் இரும்பு ஏணியில் ஏறினார். சாரலில் படியெல்லாம் ஈரம்.

"எறங்குங்க! நாளைக்குக் கட்டிப்போட்டு ஏறுங்க!"

"ஏனம்மணி, கட்டுன பொறவு உழுந்தாப் பரவால்லையா?" என்றார் மேலேயிருந்து. ஆனால் இறங்கிவிட்டார். இரவு உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி சர்க்கரை கேட்டார். தரவில்லை.

ஜூன் 27, வியாழக்கிழமை. முதல் வேலையாக, நடைப்பயிற்சியை விட்டுவிட்டு, வண்டியையும் எடுக்காமல், டவுன் பஸ்ஸில் இருவரும் காந்திபுரம் போனோம். கிளையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. அதற்கு முன்னால் அண்ணன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லை.

"மாப்ள, பணத்தக் கட்டுங்க" என்றார்.

கட்டினோம்.