ஒத்தை டோக்கன்

அப்பாவின் பழைய டூல் பெட்டியைத் திறந்ததும் எழுந்த துரு வாடையில், கொல்லங்கோட்டில் இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட டாக்கீஸின் சைக்கிள் ஸ்டாண்டு கண்முன் வந்து நின்றது. ஆணியால் எண் குத்திய தகர டோக்கன்கள் அங்கே ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று சைக்கிளில் தொங்கும், ஒன்று நம் கையில். கையில் இருப்பது தொலைந்தால் மற்றது உதவாது என்று ஸ்டாண்டுக்கார அக்கா அதை என்னிடம் கொடுத்துவிடுவார். பொம்மை வாங்க வழியில்லாத வீட்டில் நான் சேர்த்த ஒரே சொத்து அந்த ஒத்தை டோக்கன்கள்தான்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கும் தொலச்சுப்போட்டீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் அக்கா சத்தம் போடுவார். எங்கள் ஊரான எருத்தேன்பதியில் யாருக்கும் தலை குனியாத அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். எனக்கோ அவமானமாக இருக்கும்.

பெட்டியின் அடியில், ஸ்பானர்களுக்குக் கீழே, துணியில் முடிந்து கிடந்தன, என்னிடமிருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஜோடி.