பத்தாவது கேள்வி

ஹட்டனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்களுக்குத் தாய் சேய் நலப் பயிற்சி நடந்தது. முதல் கிழமை தாய், இரண்டாம் கிழமை பிள்ளை, மூன்றாம் கிழமை மனம். ஒரு மனுசியை இப்படி மூன்று துண்டாக வெட்டி வைத்திருந்தவர் எங்களுக்குப் படிப்பித்த சேர். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பேச்சு வராது. கடைசி வாங்கில்தான் இருப்பேன்.

முதல் கிழமைக் கடைசியில், செய்முறைக்காக சேர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். காற்சட்டையில் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் படியேறினார். வேண்டுமென்றேதான் அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருபது வயதுத் தாய், நாலு மாதக் குழந்தை. மடுவத்துக்குப் பால் கொடுக்க வந்தால் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். முந்தின நாள் வகுப்பு முடிந்து நான் மடுவத்துக்கு வந்ததும், மெதுவாக என்னிடம் கேட்டாள்:

"அக்கா, நான் இல்லாட்டி இது பால்மா குடிக்குமா?"

குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டேன். அடுத்த நாள் அவள் வேலைக்கும் போகவில்லை. படித்த மனிதர் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நம்பினேன்.

மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சேர் படிவத்திலிருந்த பத்துக் கேள்விகளையும் அவர் முன்னாலேயே வாசித்தார். மருமகள் வாய் திறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் மாமியாரே பதில் சொன்னார். பத்தாவது கேள்வி, தாயின் மனநிலை.

"அவளுக்கு என்னங்க குறை? தின்னுட்டுப் படுத்திருக்கா."

சேர் 'நல்லது' என்ற கட்டத்தில் சரி போட்டார். ஒத்துழைப்புக்கு நன்றியும் சொன்னார், மாமியாருக்கு.

இறங்கும்போது பகல் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ரோட்டு வளைவு வரும்வரை தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடைசியில் அவள் கேட்டதைச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"அது மனநலம். மூணாம் கிழமை வரும். இப்ப கலந்தா குழப்பம்."

கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர்தான் வரும். அன்று சிரிப்பு வந்தது. அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் திரும்ப ஏறினேன். குழந்தையை ஆஸ்பத்திரியில் நிறுக்க வேண்டும், தாயும் வர வேண்டும், சேர் சொன்னார் என்று மாமியாரிடம் பொய் சொன்னேன். சேரின் பெயர் உதவியது அந்தப் பொய்க்கு மட்டும்தான். மாமியார் பால்மா டின்னையும் போத்தலையும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு அரைகுறைத் தமிழ்தான். ஆனால் முதல் வேலையாக என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மேல்மாடியில் யாரும் சொல்லித் தராத பாடம் அது.

வெகுநேரம் கழித்து முகம் வீங்க அழுதுவிட்டு அவள் வெளியே வந்தாள். தனியே விட வேண்டாம், கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அதற்குள் குழந்தை என் மடியில் போத்தலை முடித்திருந்தது.

"பால்மா குடிக்கும்மா," என்றேன். "நீ இருந்தாலும் குடிக்கும்."

அவள் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்குச் சான்றிதழ் தரவில்லை. மூன்றாம் கிழமை, மனநல வகுப்புக்கு, நான் வரவில்லையாம். உண்மைதான். அந்த நாட்களில் அவளோடு கிளினிக் வாங்கில் இருந்தேன்.