மருந்து வைக்காத வரிசை

எட்டாம் வகுப்பை முடிக்காமல் ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனர், சூரத்தில் துணி மூட்டை, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி என்று போனேன்; எந்த இடத்திலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. சுண்ணாம்பு கைத்தோலைத் தின்ற பிறகு, வாணியம்பாடிக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் ஒரு வாழைத் தோட்டத்துக்குக் காவலாக வந்தேன். பம்பு செட்டு அறையில் படுக்கை. நாள் முழுக்க வாய் திறக்க வேலை இருக்காது.

அந்தத் தோட்டத்தில் ஆராய்ச்சி செய்தவர் உகாண்டாவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு பெண். வேலூர் சத்துவாச்சாரியில் ரூம் எடுத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து வருவார். அவர் ஊரில் வாழைக்காயை அவித்து மசித்ததுதான் சோறு. ஒரு கறுப்பு வண்டு வாழையின் அடிக்கிழங்கைக் குடைந்துவிடும். காற்றடித்தால் தாரோடு மரம் சாயும். அவருடைய அம்மா தோட்டத்தில் பாதி அப்படித்தான் போயிருந்தது.

தண்டைப் பிளந்து, பிளந்த பக்கம் மண்ணில் படும்படி மரத்தடியில் வைப்போம். காலையில் புரட்டினால் வண்டுகள் இருக்கும். தொட்டால் செத்த மாதிரி கிடக்கும். அவற்றின் முதுகில் நகப்பாலிஷ் வைத்து விடுவார், எவ்வளவு தூரம் நடக்கின்றன என்று பார்க்க. நான்கு வரிசை மரங்கள். ஒன்றுக்கு வேப்பம் புண்ணாக்கு, ஒன்றுக்கு வண்டைக் கொல்லும் பூஞ்சாணப் பொடி, ஒன்றுக்கு இந்தத் தண்டுப் பொறி. நான்காவது வரிசைக்கு ஒன்றும் கிடையாது. அவர் அதன் பக்கம் அதிகம் போகவும் மாட்டார். மிச்சம் விழுந்த வரிசை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பழைய ஷாப் மேஸ்திரி டெம்போவில் வந்தார். என்னைத் தேடி ஒரு ஆள் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

"இன்னா தோஸ்த், தோட்டக்காரன் ஆய்ட்டியா? காயப் போட்ட தோல் மாரியே கீற."

"வந்த விஷயத்த சொல்லு மேஸ்திரி."

"ஷாப் கேட்டுக்குக் கட்ட நாலு மரம் வேணும். தாரோட. போன வருஷம் கட்னது இடுப்பு ஒசரம். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க."

"மேடம் ஆராய்ச்சி பண்ற மரம்பா."

"எல்லாமேவா? கண்டுக்காத மரம் ஒண்ணு ரெண்டு இருக்காது?"

இருந்தது. நான்காவது வரிசையின் ஆறு மரங்களில் நான்கை நானே வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் பூஜைக்குக் கூப்பிட்டார்கள். போய் எல்லாரோடும் உட்கார்ந்து பொரி தின்றேன். கேட்டின் இரண்டு பக்கமும் என் மரங்கள் நன்றாக இருந்தன.

விடுமுறை முடிந்து அவர் வந்தார். வரிசையின் முன்னால் நின்றார்.

"அண்ணா, மரம் எங்கே?"

சொன்னேன். "மருந்து வெச்ச வரிசைல கை வைக்கல மேடம். சும்மா கெடந்ததுதான்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "சும்மா இருக்குறதுதான் வேணும் அண்ணா. அதோட தார் எவ்ளோ எடைன்னு தெரியாம, மருந்து வேலை செஞ்சுதுன்னு நான் எப்படி சொல்றது? அம்மாக்கு என்ன சொல்றது?"

திட்டியிருந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. மண்ணைக் கிளறி, வெட்டிய மரங்களின் கிழங்கு அப்படியே இருப்பதைப் பார்த்தார். பக்கக்கன்று வந்திருந்தது.

"எல்லா வரிசைலயும் மரத்துக்கு ஒரு கன்னு விடலாம். கன்னுலேர்ந்து வர்ற மறுதாம்புல வண்டு இன்னும் ஜாஸ்தி, எங்க ஊர்ல. ஆனா தார் வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எனக்கு விசா இல்ல. நீங்க இருப்பீங்களா?"

"இருக்கேன் மேடம்" என்றேன். இதே வார்த்தையை முன்பு பல பேரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

முதல் தாம்பு அறுவடை முடிந்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். "பழத்த நான் எடுத்துக்குறேன், இன்னொரு தாம்பு இருக்கட்டும்" என்றார் நிலத்துக்காரர். காலையில் தண்டுகளைப் புரட்டினேன், எண்ணினேன், எழுதினேன். எண்ணிக்கையைச் சொல்ல ஆள் இல்லாததால் சத்தமாகப் படித்துக்கொண்டேன். இரண்டு முறை பையைக் கட்டினேன். ஒரு முறை வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டு வரை போய், டீ குடித்துவிட்டு, மறுநாள் பொறி மாற்ற வேண்டுமே என்று திரும்பினேன். ஆடிக் காற்றில் நான்காவது வரிசையில் இரண்டு சாய்ந்தன. நிமிர்த்தி முட்டுக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. கொடுக்கவில்லை. 'விழுந்தது' என்று எழுதினேன்.

அடுத்த பூஜைக்கு மேஸ்திரி போன் செய்தார். முடியாது என்றேன். "ஒரு மரத்துக்கு இவ்ளோ பேஜாரா? வெச்சி நீயே கும்புடு" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

தார்களைத் தொங்கு தராசில் நிறுத்தேன். கிழங்குகளைக் குறுக்கே வெட்டிப் படம் எடுத்தேன். நான்காவது வரிசைக் கிழங்கில் விரல் நுழைகிற அளவுக்குக் கறுத்த ஓட்டைகள். எல்லாவற்றையும் மேடத்துக்குப் போனில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து அவருடைய குரல் பதிவு வந்தது.

"அண்ணா, நாலாவது வரிசைல தார் எடை ரொம்ப கம்மி. நல்ல கம்மி. வித்தியாசம் தெரியுது. எழுதிட்டேன்."

அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டை விரல் படம் ஒன்று மட்டும் வந்தது. அவருக்கு வேறு வேலைகள் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் கரும்பு வைக்க நிலத்துக்காரர் டிராக்டரை இறக்கினார். வரிசை வரிசையாகக் கிழங்குகள் மேலே வந்தன. என்னைப் போகச் சொல்லவும் யாரும் இல்லை, இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை. கடைசிச் சால் ஓடும்வரை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன்.