ஜீப்பு பல்பும் அஞ்சு மில்லிஆம்பியரும்

"அண்ணே, காய் வேகுது. ஃபேன் நின்னு போச்சு. வெரசா வாங்க!"

பாண்டியம்மா போனில் கத்தியபோது போடியில் என் எலக்ட்ரானிக்ஸ் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். முட்டிவலி வேறு. மறுபடியும் போடிமெட்டு மலை வளைவுகளா என்று அலுப்பாக வந்தது. நான் மாட்டிக் கொடுக்கும் கன்ட்ரோல் போர்டு தானாகக் கெடுவதைவிட ஆட்கள் கெடுப்பதுதான் அதிகம். ஆனாலும் போகாமல் இருக்க முடியுமா? ஏலக்காயில் பச்சை போனால் விலையும் போச்சு. அந்த அம்மாவுக்கு இந்தக் காயை விட்டால் வேறு வருமானம் இல்லை. புருஷன் சரிவில் விழுந்து இடுப்பொடிந்து கட்டிலில் கிடக்கிறார்.

காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் நுழைந்ததும் அடுப்பு விறகை வெளியே இழுக்கச் சொன்னேன். கன்ட்ரோல் போர்டுக்கு உயிர் வருவதும் போவதுமாக இருந்தது. பவர் மேனேஜ்மென்ட் சிப்பைத் தொட்டால் சுட்டது. சூடு மிஞ்சினால் எரியும் சிவப்பு எல்.இ.டி.யிலிருந்து இரண்டு ஒயர் வெளியே ஓடியது. பிடித்துக்கொண்டே போனால், வாசல் கம்பத்தில் ஜீப்பு இண்டிகேட்டர் பல்பு!

"யாரு பாத்த சோலி இது?"

"ஜீப்பு டிரைவர் தம்பிதான் நேத்து மாட்டிக் குடுத்துச்சு. உங்க சின்ன லைட்டு பனியில ஒரு எழவும் தெரியலண்ணே. பெருசா எரிஞ்சா அவரு கட்டில்ல கெடந்தபடியே பாத்து என்னைய எழுப்புவாருல்ல?"

கோபம் தலைக்கேறியது. அந்தச் சிப்பில் விளக்கை எரியவைக்கும் பின், அதாவது அதன் கால், தரக்கூடிய கரண்ட் அஞ்சு மில்லிஆம்பியர். ஜீப்பு பல்பு கேட்பது அதைப்போல முன்னூறு மடங்குக்கும் மேல். சூடு எல்லை தாண்டாதவரை பின் சும்மா இருந்தது, வம்பில்லை. தாண்டியதும் போர்டு ஃபேனையும் விளக்கையும் சேர்த்துப் போடும். பல்பு இழுத்த இழுப்பில் வோல்டேஜ் படுத்து, போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகி, ஃபேன் நின்றுவிட்டது.

பல்பைக் கழற்றியதும் ஃபேன் ஓடியது. மேல்தட்டுக் காய் தப்பியது. அடித்தட்டில் இருந்தது முழுக்க வெளுத்திருந்தது. அதை முந்தானையில் அள்ளி வைத்துக்கொண்டு பாண்டியம்மா அழுதார்.

"லைட்ட மட்டும் கழட்டிட்டுப் போயிராதீகண்ணே."

மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தால் நாளைக்கு இன்னொரு ஒயர் ஓடும். நல்லவேளை, பின் சாகவில்லை. பையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரும் ரிலே சுவிட்சும் எடுத்தேன். இனி பின் டிரான்சிஸ்டரைத் தட்டிவிட்டால் போதும். ரிலேயைப் போடுவது டிரான்சிஸ்டர் பாடு, பல்புக்குக் கரண்ட் தனி பேட்டரியில். சூடு பார்க்கும் சென்சாரைச் சுடுதண்ணி டம்ளரில் முக்கிப் பார்த்தேன். பனிக்குள் பல்பு பளிச்சென்று எரிந்தது.

உடனே வீட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"ஏ புள்ள, லைட்டு எரியுது! ஓடு, காய் போயிரும், ஓடு!"

பாண்டியம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காய்க்கு ஒண்ணுமில்ல, சும்மா கெட! அண்ணன் டெஸ்ட் பண்றாக" என்றார்.

பின் எவ்வளவு கரண்ட் தரும் என்பது சிப்பின் டேட்டாஷீட்டில் இருக்கும், இந்த வேலை பழகும் தம்பிகளா. விளக்கை யார் எங்கிருந்து பார்க்கப்போகிறார் என்பது இருக்காது. போர்டு மாட்டும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.