நன்றிப் பூசைக்கு நூறு ரோல்ஸ்

பாட வாய் திறந்தால் பேச்சும் தானாக வந்துவிடும் என்று நம்பிய மடையன் நான். பக்கவாதம் வந்து பேச்சிழந்த அண்ணையைச் சக்கர நாற்காலியில் வைத்து, லண்டன் டூட்டிங்கில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். காணிக்கைப் பாட்டு தொடங்கியது. அண்ணை ஒரு சொல் பிசகாமல் முழுவதும் பாடினார்.

"கடவுள் செய்த புதுமை, ஃபாதர்!" என்று சுவாமியாரைப் பிடித்துக் குழறினேன். அந்தப் பதற்றத்திலேயே கடைக்கு ஓடி, அடுத்த ஞாயிறு நன்றிப் பூசைக்கு நூறு மட்டன் ரோல்ஸ் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தமிழ்ப் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். பேச்சு மூளையின் இடப்பக்கமாம். ரத்தக்கட்டி அடைத்தது அங்கேதானாம். ராகத்தைப் பெரும்பாலும் வலப்பக்கம் பார்த்துக்கொள்ளுமாம். சின்ன வயதில் பாடமாக்கிய சொற்கள் அதோடு தொற்றிக்கொண்டு வருமாம்.

"அப்ப அண்ணை கதைக்கேல்லையோ?"

"இல்லை, அங்கிள். பாடினவர்."

அண்ணி என்னைப் பார்த்தா. "ஊரெல்லாம் சொல்லிப்போட்டீர். இனி என்ன செய்யிறது?"

"சொன்ன ரோல்ஸை நிப்பாட்ட ஏலாது, அண்ணி."

ஞாயிறு பூசைக்குச் சனம் வந்து, தின்று, எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனது.

இப்போது மூன்று வருடம். அண்ணை ஞாயிறுதோறும் பாடுகிறார். தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டுகிறார்.