அப்பாருக்கு நான் கொடுத்த லீவு

நினைவு தப்பிப்போன ஒரு பெரியவரிடம் கரண்ட் பில்லைக் காட்டி, 'இது உங்க ஊடுதானுங்க, பேரு போட்டிருக்குது பாருங்க' என்று வாதாடிய ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன வருஷம் கோடையில், ராசிபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலேயே நடந்தது.

பெரியவர் என் அப்பாரு. என் அப்பாவைப் பெற்றவர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சண்டையைப் பற்றிக் கேட்டால், பனியில் டீசல் உறைந்துபோவதைப் பற்றித்தான் சொல்வார். பென்ஷனோடு ஊருக்கு வந்தபிறகு சங்ககிரியில் லாரி ஓட்டினார். தொண்ணூறு வயதிலும் தினமும் சவரம் செய்துகொள்வார். அப்படிப்பட்டவருக்கு ஞாபகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது.

ஒருநாள் காலை டீ கொண்டுபோனேன். கட்டிலைப் பிடித்து எழுந்து, விறைப்பாக நின்று, "சுபேதார் சாப், லீவு வேணுமுங்க. பையன் பொறந்திருக்கான். இன்னும் மூஞ்சியப் பாக்கலீங்க" என்றார்.

என்னைப் பட்டாளத்தில் தனக்கு மேலே இருந்த பழைய சுபேதார் என்று நினைத்துவிட்டார். அந்தப் பையன் என் அப்பா. அவர் மாரடைப்பில் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது.

நான் கொஞ்சம் படித்தவன். உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நம்புகிறவன். சொல்லிவிட்டேன். அப்பாரு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். சத்தமே இல்லாமல் அழுதார். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறவரைப் போல அழுதார். மத்தியானத்துக்குள் மறந்துவிட்டார். மறுநாள் காலை மறுபடியும் எழுந்து நின்றார். மறுபடியும் சொன்னேன். மாலை போட்ட போட்டோவைக் காட்டினேன். இது பட்டாளம் இல்லை, வீடு என்பதற்குத்தான் அந்த கரண்ட் பில். இப்படி விடிந்ததும் விடியாததுமாக ஒரு கிழவரிடம் அவர் மகன் செத்த சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையின் பெயரால்.

கடைசியில் என் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "ஏனுங்க, அவரு கேக்கறது லீவு. உங்க மேனேசராட்டம் நீங்களும் காரணம் சொல்லிட்டு நிக்கறீங்க. குடுத்துத் தொலைங்களேன்."

என் சொந்த லீவுக்கே கைகட்டி நிற்கிறவன் நான். அடுத்த நாள் காலை அப்பாரு எழுந்து நின்றதும், "சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன். அவர் நகரவில்லை. என்னையே சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம்தான் உறைத்தது. எந்த சுபேதார் டிரைவரிடம் வாங்க போங்க என்று பேசுவார்? எங்கள் பக்கம் தவழுகிற குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்றுதான் கூப்பிடுவோம். இவரையா ஒருமையில் பேசுவது? நானும் விறைப்பாக நின்று, "லீவு குடுத்தாச்சு. போ. போய் உன் பையனப் பாரு" என்று அதட்டினேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சல்யூட் வைத்தார். பதிலுக்கு நானும் ஒன்று வைத்தேன், கொசு விரட்டுகிற மாதிரி இருந்திருக்கும்.

அதன்பிறகு அவர் லீவு கேட்கவே இல்லை. படுத்தபடியே ரயிலில் வந்துகொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பார். "ஜோலார்பேட்டை தாண்டிருச்சா சாமி?" என்று என் மனைவியைக் கேட்பார். "இப்பத்தானுங்க தாண்டுச்சு" என்பாள் அவள், கஞ்சியை ஆற்றிக்கொண்டே. ஒரு நாள் கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "சேலம் வந்ததும் எழுப்பி உடுங்க சாமி" என்று கண்ணை மூடினார். சாயங்காலம் எழுப்பினோம். எழவில்லை.

இப்போதும் யாராவது தப்பாக எதையாவது சொன்னால் திருத்துவதற்கு வாய் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு நிமிஷம் நிறுத்தி, பாவம், இந்த ஆள் எங்கே போய்ச் சேரப் பார்க்கிறார் என்று யோசிக்கிறேன். ஐம்பதை நெருங்கும்போதுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது, அதற்கு அவ்வளவு கண்ணீர் செலவாயிற்று.

காரியத்துக்கு மேச்சேரியிலிருந்து, அப்பாருவோடு பட்டாளத்தில் இருந்த ஒரு பெரியவர் வந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக ஒரு லீவாவது கொடுத்து அனுப்பினேனே என்று எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்.

"சுபேதாரு லீவு குடுக்க முடியாதுங்க தம்பி. சிபாரிசு பண்ணலாம், அவ்வளவுதான்."