தார் ரோட்டை விட்டு இறங்காதவர்

எங்கள் லான்சரோட்டே தீவின் மண்ணை ஹினேஸ் உம்பியேரஸ் அளவுக்கு அறிந்த ஆள் கிடையாது. அந்த மண்ணில் கால் வைக்காத ஆளும் அவர்தான். பதினாறு வருஷம் கூடவே இருந்து பார்த்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

விமான நிலையத்துக்கு எதிரே எங்கள் கம்பெனியின் வாடகைக் கார்கள் நிற்கும். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அச்சு. நான் கவுண்டரில் கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுப்பேன். திரும்பி வரும் வண்டியைச் சோதித்து வாங்குவது ஹினேஸ். ஒப்பந்தத் தாளில் ஒரு வரி உண்டு: மண் ரோட்டில் ஓட்டக் கூடாது. எரிமலை கக்கிப் போட்ட தீவில் நல்ல இடமெல்லாம் மண் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், எல்லோரும் போவார்கள், திரும்பி வந்து போகவே இல்லை என்று சாதிப்பார்கள்.

ஹினேஸ் சண்டை போட மாட்டார். மட்கார்டுக்குள் விரலை விட்டுத் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் லா ஹேரியா திராட்சைத் தோட்டம். வெள்ளையாக இருந்தால் ஃபமாரா கடற்கரை. வெளிர் மஞ்சளாக, மாவு மாதிரி ஒட்டினால் பாப்பகாயோ கடற்கரை.

"பாப்பகாயோ," என்பார். "நேத்து சாயங்காலம்."

"ஐயையோ, தார் ரோட்டை விட்டு இறங்கவே இல்லைங்க! காத்துல பறந்து வந்து ஒட்டியிருக்கும்."

"மட்கார்டுக்குள்ளயா காத்து அடிச்சுது?"

அவ்வளவுதான். கழுவுகிற செலவை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். எங்கள் தீவில் காற்று ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் தன் இருபத்தொன்பது வருஷ வேலையில் ஒருத்தர் சொன்ன காற்றையும் அவர் நம்பியதில்லை.

இப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்டவள் ஒத்தீலியா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, முந்நூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். கல்யாணத்துக்கு முன்னால் ஹினேஸ் தன் அண்ணனுடைய லாரியை இரவல் வாங்கி, அவளைப் பாப்பகாயோவுக்குக் கூட்டிப்போய், மணலில் உட்கார வைத்து, கட்டிக்கிறாயா என்று கேட்டாராம். அதோடு சரி. பிறகு முப்பத்தொரு வருஷம் அவள் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான்.

"அங்க என்ன இருக்கு? கல்லு. நம்ம வாசல்லயும் கல்லுதானே கிடக்கு?"

அவர் ஓய்வு பெறும் வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை தீவைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று கம்பெனி ஒரு காரை இலவசமாகக் கொடுத்தது. கடிகாரமோ தட்டோ கொடுத்திருந்தால் அவர் நிம்மதியாக வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். கம்பெனி அதைச் சொன்ன அன்றைக்கே ஒத்தீலியா கவுண்டருக்கு வந்து, என் முன்னாலேயே ஒரு டிக்கெட்டை எடுத்து வைத்தாள்.

"பாரு ஹினேஸ். சனிக்கிழமை படகு. எதிர்த்தீவுல எங்க அக்கா பெனிக்னா வீட்டுக்கு. போறதுக்கு மட்டும்தான் வாங்கியிருக்கேன், வர்றதுக்கு வாங்கல. வியாழக்கிழமை நீ என்னைப் பாப்பகாயோவுக்குக் கூட்டிட்டுப் போனா இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லன்னா படகு ஏறிடுவேன். ரிட்டயர் ஆன உன்னோட நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார என்னால ஆகாது, சாமி."

"சும்மா பயங்காட்டறா," என்றார் ஹினேஸ் அவள் போன பிறகு. ஆனால் அன்று மத்தியானம் ஒரு ஜெர்மன்காரர் பம்பரை நசுக்கிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை ஒத்தீலியா பெரிய தொப்பியும் புது கேன்வாஸ் ஷூவுமாக வந்து நின்றாள். பையில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட தோர்த்தியா அடை, அவித்த முட்டை, ஆட்டுப்பால் சீஸ். ஹினேஸ் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நாற்பது நிமிஷம் வண்டியைச் சுற்றி வந்தார். இருபத்திரண்டு கீறலைக் குறித்து என் கையெழுத்தைக் கேட்டார்.

"தோன் ஹினேஸ், இதெல்லாம் போன வாரம் நீங்களே எழுதி வெச்சதுதானே?" என்றேன். பெரியவர்களை நாங்கள் மரியாதைக்குத் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவோம்.

"அப்போ நான் கம்பெனி, சொராய்தா. இன்னைக்கு நான் கஸ்டமர். கஸ்டமரை நம்பக் கூடாது பொண்ணே."

அதற்குப் பிறகு நடந்ததை ஒத்தீலியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வடக்கே மலை உச்சியில் நின்று அவள் கீழே கடலையும் குட்டித் தீவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து ஹினேஸ் அலறினாராம்.

"ஒத்தீலியா, இங்க ஓடி வா!"

வழுக்கி விழுந்துவிட்டாரோ என்னவோ என்று அவள் ஓடினாள். அவர் பார்க்கிங்கில் வேறொரு வெள்ளைக் காரின் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"இது நம்ம கம்பெனி வண்டி! கதவுல இடிச்சிருக்கான் பாவி!"

நெருப்பு மலையில் தரைச் சூட்டுக்கு டயர் என்ன ஆகுமோ என்று வண்டியை நிறுத்தவே இல்லை. சீட்டில் துகள் விழும் என்று தோர்த்தியாவை வெளியே காற்றில் நின்றபடி தின்றார்கள். அவள் தொப்பியைக் காற்று கொண்டுபோனது. வண்டியை நிறுத்த இடம் இல்லை என்று அதை எடுக்கவும் விடவில்லை.

நாலரை மணிக்குத் தெற்கே தார் ரோடு முடியும் இடத்துக்கு வந்தார்கள். அதற்கு மேல் பாப்பகாயோ வரைக்கும் மஞ்சள் மண். முன் டயருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் இருக்கும்போது ஹினேஸ் பிரேக்கைப் போட்டார்.

"இதுக்கு மேல ஒப்பந்தம் விடாது."

"யாரு பார்க்கப் போறா?"

"நான். நாளைக்குக் காலையில நான்தானே பார்ப்பேன்?"

ஒத்தீலியா கதவைத் திறந்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மண் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். அவர் கூப்பிட்டார், ஹாரன் அடித்தார். பின்னாலேயே ஒரு டச்சுக்காரத் தம்பதி எங்கள் கம்பெனிக் காரில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார்கள். பாஷை தெரியாது. அவள் கையை நீட்டிக் கடலைக் காட்டினாள், ஏறிக்கொண்டாள். ஹினேஸ் என்ன செய்தார் என்கிறீர்கள்? அந்தக் காரின் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் தார் ரோட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாராம். டச்சுக்காரர்களின் கார் திரும்பி வந்தபோது கையை ஆட்டினார். உள்ளே இருந்து ஒத்தீலியா, போ போ என்று டிரைவருக்குச் சைகை காட்டினாள்.

அந்தக் கார்தான் முதலில் எங்களிடம் வந்தது. ஏழு மணி, ஜூன் மாதம், வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. ஒத்தீலியா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை மணலோடு இறங்கினாள். டச்சுக்காரர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு என்னிடம் இங்கிலீஷில், "தார் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை," என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அப்போது ஹினேஸ் வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு தூசி இல்லை. அப்படி ஒரு வண்டி திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, நேராக டச்சுக்காரரின் காருக்குப் போனார். மட்கார்டுக்குள் விரலை விட்டார். டச்சுக்காரர் திருதிருவென்று விழித்து, "காத்து," என்றார்.

ஹினேஸ் அந்த மஞ்சள் விரலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம், "எழுது பொண்ணே. காத்துதான்," என்றார்.

நான் அப்படியே எழுதினேன். ஒத்தீலியா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்காகப் பொய் சொல்ல வருது உனக்கு," என்றாள். "எனக்காக ஒரு சாண் முன்னால ஓட்ட வரல."

நேராக அவருடைய காருக்குப் போய்க் கதவைத் திறந்தாள். ஷூவைக் கவிழ்த்து, உள்ளே இருந்த மணலை எல்லாம் டிரைவர் காலடியில் கொட்டினாள்.

"இந்தா. உன் வண்டியும் போயிட்டு வந்தாச்சு. சனிக்கிழமை வழியனுப்பக்கூட நீ வர வேண்டாம்."

வெறுங்காலோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்க்கவும் சகிக்கவில்லை. மணலைத் துடைக்கத் துணியை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை.

"சொராய்தா, எட்டு மணி வரைக்கும் வண்டி எனக்குத்தானே?"

"ஆமா தோன் ஹினேஸ். ஆனா எட்டுக்குள்ள அங்க போய்த் திரும்பி வர முடியாதே. ஒப்பந்தம்..."

"நான்தான் அந்தத் தாளை இருபத்தொன்பது வருஷமா படிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

அந்த மணல் மேலேயே காலை வைத்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார். அவள் கைகளை வீசி வீசித் திட்டுவது எங்கள் கவுண்டர் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இடையில் பஸ் வந்து மறைத்தது. பஸ் போன பிறகு பார்த்தால் அங்கே அவளும் இல்லை, காரும் இல்லை.

எட்டு மணிக்கு நான் பூட்டினேன். வண்டி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அது வரிசையில் நின்றது, எங்கள் வழக்கப்படி சாவி மிதியடிக்குக் கீழே. கூரை வரைக்கும் வெளிர் மஞ்சள், நம்பரைக்கூடப் படிக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு ஹினேஸ் தன் கடைசி நாள் வேலைக்கு வந்தார். மூக்கு வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. நான் மட்கார்டுக்குள் விரலை விட்டு அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"எந்த மண்ணு, தோன் ஹினேஸ்?"

"காத்து," என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

கழுவுகிற செலவை முழுதாகப் போட்டேன். முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு வண்டிக்குள் கிடந்த சாமான்களைப் பதிவேட்டில் எழுதினேன்: பெண்கள் கேன்வாஸ் ஷூ, இடது கால், ஒன்று. சனிக்கிழமைப் படகு டிக்கெட், இரண்டு துண்டு.

ஷூவைத் திங்கட்கிழமை ஒத்தீலியா வந்து வாங்கிக்கொண்டு போனாள். டிக்கெட்டைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.